துளை போடக் கூட்டிய கூட்டம்

ராய்ஸ் ஃபார்னம் பிடித்த முயலுக்கு மூன்று கால்தான். நான்காவது காலைத் தொட்டுக் காட்டினாலும், "எங்க தாத்தா காலத்துல அது கிடையாதே" என்பார். பள்ளிக்கூடத்தில் கொதிகலன் பார்த்து, தரை துடைத்து, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆனால் வெர்மான்ட் மாநிலத்தின் வடகோடியில் இருக்கும் எங்கள் ஆர்ன்பரியில் அவரைப் பற்றிக் கேட்டால் இதையெல்லாம் யாரும் சொல்ல மாட்டார்கள். "மேப்பிள் பாகு காய்ச்சுறாரே, அவரா?" என்பார்கள். அவரும் தன்னைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவர் வீட்டுக்கு முன்னால், சாலையோரமாக, ஒரு டஜன் கிழட்டு மேப்பிள் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. தாத்தா நட்டவை. மரங்களுக்கும் வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு கல்சுவர். குளிர்காலத்தின் கடைசியில், ராத்திரி உறைந்து பகலில் இளகும் நாட்கள் வரும்போது, இந்த மரங்களில் விரல் ஆழத்துக்குத் துளை போட்டு, தகர மூக்கைத் தட்டிச் செருகி, அதில் வாளியை மாட்டினால் சொட்டுச் சொட்டாகச் சாறு இறங்கும். பார்த்தால் தண்ணீர். குடித்தாலும் கிட்டத்தட்டத் தண்ணீர்தான். நாற்பது வாளி காய்ச்சினால் ஒரு வாளி பாகு தேறும். மிச்சமெல்லாம் ஆவியாகப் போய்விடும்.

அந்த ஆவியை முதல் வருடம் ராய்ஸ் சமையலறைக்குள்ளேயே கிளப்பினார். கல்யாணமான புதிது. சுவரில் ஒட்டியிருந்த பூப்போட்ட காகிதம் மூன்றாம் நாள் தானாகக் கழன்று, அடுப்பருகே நின்ற அவர் மனைவி ஓடீலின் தலையில் முக்காடு மாதிரி விழுந்தது. "ஒண்ணு இந்த அடுப்பு வெளிய போகணும், இல்ல நான் போகணும்" என்றாள் ஓடீல். அன்றைக்கு ராய்ஸ் கொஞ்ச நேரம் யோசித்தார் என்பது ஊர்ப்பேச்சு. கடைசியில் அடுப்புதான் போனது. பள்ளிக்கூடத்தில் தூக்கிப் போட்ட இரும்பு அலமாரி ஒன்றைக் கொண்டுவந்து, மல்லாக்கப் படுக்க வைத்து, இழுப்பறைகளைப் பிடுங்கி எறிந்து, புகைக்குழாய் வைத்து, மேலே ஓட்டல்காரர்களின் நீளத் தட்டுகளைப் பதித்து, கொல்லையில் கொட்டகை போட்டார்கள். போட்டார்கள் என்றால், ராய்ஸ் சொன்னார், ஓடீலும் அவள் தம்பி லூக் திபோவும் போட்டார்கள்.

ராய்ஸ் பாகு காய்ச்சும் முறையையும் சொல்லிவிட வேண்டும். துளை போடுவது அவர். அதில் யாரும் கை வைக்க முடியாது. பெரிய வேருக்கு மேலேயா, பெரிய கிளைக்குக் கீழேயா என்று ஒவ்வொரு மரத்தையும் தட்டிப் பார்த்து, தலையை ஆட்டி, ஒரு சாயங்காலத்தில் பன்னிரண்டு மரத்தையும் முடித்துவிடுவார். அதற்குப் பிறகு முட்டளவு பனியில் வாளி வாளியாகச் சாற்றைச் சுமப்பது ஓடீல். விறகு பிளப்பது ஓடீல். நுரை பொங்கும்போது துளி வெண்ணெய் போட்டு அடக்குவது, அடிப்பிடிக்காமல் பார்ப்பது, கம்பளித் துணியில் வடிகட்டுவது எல்லாம் ஓடீல். ராய்ஸ் கொட்டகை வாசலில் கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவருக்குப் பாகின் நிறத்தைப் பற்றிச் சொல்வார். பாகு பதத்துக்கு வந்ததும் ஓடீல் கூப்பிடுவாள். அவர் எழுந்து வந்து, கரண்டியை முக்கித் தூக்கி, விளிம்பில் சொட்டுகள் ஒன்றுசேர்ந்து திரை மாதிரி தொங்குகிறதா என்று பார்த்து, "ம்ம்" என்பார். அந்த "ம்ம்" விழாவிட்டால் அது பாகு ஆகாது என்பது அவர் நம்பிக்கை. நோகாமல் நொங்கு தின்பது என்று சொல்வோமே, எங்கள் ஊரில் நொங்குதான் கிடையாது, மற்றபடி ஆளுக்குக் குறைச்சலில்லை.

இத்தனையும் எதற்கு என்றால், மாதா கோயில் நிலவறையில் வருடாவருடம் நடக்கும் பனிப்பாகு விருந்துக்கு. கொதிக்கும் பாகைக் கெட்டிப் பனியின் மேல் ஊற்றினால் மிட்டாய் மாதிரி இறுகும். முள்கரண்டியில் சுற்றித் தின்ன வேண்டும். கூடவே டோனட். தித்திப்புத் திகட்டினால் புளித்த வெள்ளரிக்காய் ஒரு கடி, பிறகு மறுபடி முதலிலிருந்து. அந்த விருந்து நோட்டீஸின் அடியில் "பாகு: ஃபார்னம் வீடு" என்று ஒரு வரி இருக்கும். தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது. ராய்ஸுக்கு உலகத்தில் எது போனாலும் பரவாயில்லை, அந்த ஒரு வரி போகக் கூடாது.

அந்த வரிக்குத்தான் ஆபத்து வந்தது. காரணம், ஃபார்னம் வீட்டுச் சட்டம். ஊர்க்கூட்டம் முடிந்த சாயங்காலம்தான் துளை போட வேண்டும். ஊர்க்கூட்டம் மார்ச் மாதத்து முதல் செவ்வாய். ஊரே மண்டபத்தில் கூடி, சாலைக்கு மணல் கொட்டுவதிலிருந்து நாய்க்கு உரிமம் வரைக்கும் கையைத் தூக்கித் தீர்மானிக்கும் நாள். தாத்தா கூட்டத்திலிருந்து வந்து துளை போட்டார், அப்பாவும் வந்து போட்டார். அவர்கள் காலத்தில் அதற்கு முன்னால் மரம் கல்லாக உறைந்து கிடந்தது, போட்டாலும் சொட்டாது. இப்போது பிப்ரவரியிலேயே சாறு ஓட ஆரம்பித்துவிடுகிறது. மார்ச் நடுவில் மொட்டு வீங்கி, பாகில் வெந்த முட்டைக்கோஸ் வாடை ஏறுகிறது. ஏப்ரலில் பனியும் இருப்பதில்லை. ஒரு வருடம் பனிச்சறுக்கு மைதானத்தில் இயந்திரம் வழித்துத் தள்ளிய குவியலை அள்ளிக்கொண்டு வந்து பாகு ஊற்றினார்கள். ஹாக்கிப் பையன்கள் துப்பினது போக மிச்சம் என்று தெரிந்தே தின்றோம். அதோடு ஏப்ரலில் நடந்துவந்த விருந்தை மார்ச் இரண்டாம் சனிக்கிழமைக்கு முன்னே இழுத்துவிட்டார்கள். ராய்ஸ் துளை போட்டு வாளி நிறைவதற்குள் விருந்து வந்துவிடும்.

மைத்துனன் லூக்குக்கு இந்தத் தொல்லை இல்லை. ஜனவரி கடைசியிலேயே துளை போட்டு, மரத்துக்கு மரம் நீலக் குழாய் இழுத்து, சாற்றை மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவன். ராய்ஸ் அவனுக்கு வைத்த பெயர் அவசரக்குடுக்கை. கடை வாசலில், கோயில் வாசலில், லூக்கின் மகள் கல்யாணத்தில்கூட அப்படித்தான் கூப்பிட்டார். போன வருடம் ராய்ஸ் கொடுத்த பாகு விருந்தின் பாதியிலேயே தீர்ந்துபோக, அவசரக்குடுக்கைதான் மீதியைக் கொண்டுவந்து கொடுத்தான். யூனிஸ் கில்ஃபிலன் நோட்டீஸில் பேனாவால் "உதவி: லூக் திபோ" என்று எழுதிச் சேர்த்தார். ராய்ஸ் அதற்குப் பிறகு ஈஸ்டர் வரைக்கும் கோயிலுக்குப் பின்வாசல் வழியாகவே போனார்.

யூனிஸ்தான் விருந்துக்குத் தலைவி. ஊர்க்கூட்டத்துக்கும் அவர்தான் தலைவர். எங்கள் ஊரில் வேலைகள் அதிகம், ஆட்கள் கம்மி. புது வருடம் பிறந்ததும் கடையில் ராய்ஸைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த வருஷம் முழுப் பாகும் உன்கிட்ட இருந்து வருமா, வராதா?"

"ஃபார்னம் வீட்டுப் பாகு என்னிக்கு வராமப் போச்சு?"

"போன வருஷம்."

"அது குளிர் சரியில்ல."

"குளிரை நான் ஒண்ணும் பண்ண முடியாது, ராய்ஸ். நோட்டீஸ்ல ரெண்டு பேரு போட்டா பாக்க நல்லா இல்ல. முழுசும் தர்றவங்க பேரை மட்டும் போடப் போறேன். அது நீயா இருந்தாலும் சரி, லூக்கா இருந்தாலும் சரி."

வீட்டுக்கு வந்து ராய்ஸ் தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். ஓடீல் சூப் கிண்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பிப்ரவரியில துளை போட்டுத் தொலையேன்" என்றாள்.

"ஊர்க்கூட்டம் முடியாமயா? லூக் என்ன சொல்லுவான்?"

"நீ இத்தனை வருஷமா அவனைச் சொன்னதைத்தான் சொல்லுவான்."

அதுதான் ராய்ஸின் பயமே. பிப்ரவரியில் துளை போடும் ராய்ஸை அவசரக்குடுக்கை என்று சொல்ல ஊரில் ஒரு குழந்தை பாக்கி இருக்காது.

"இன்னொண்ணு" என்றாள் ஓடீல். "நம்ம பொண்ணு கோலெட்டுக்கு மார்ச் நடுவுலதான் நாள் சொல்லியிருக்காங்க. தலைப்பிரசவம். நான் போர்ட்லண்ட் போயி அவ கூட இருக்கணும்."

"குழந்தை வருஷம் பூராப் பொறக்குது, ஓடீல். சாறு மார்ச்சுல மட்டும்தான் வருது."

ஓடீல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நல்ல கருத்து, அசந்துபோய் நிற்கிறாள் என்று ராய்ஸ் நினைத்துக்கொண்டார்.

அன்றைக்குச் சூப் குடிக்கும்போதுதான் அவருக்கு யோசனை பிறந்தது. ஊர்க்கூட்டம் முடிந்துதான் துளை என்று தாத்தா சொன்னார். எந்த ஊர்க்கூட்டம் என்று சொல்லவில்லையே. நூற்றுக்கு ஐந்து வாக்காளர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால், ஊர் நிர்வாகம் தனியாக ஒரு கூட்டம் கூட்டியே ஆக வேண்டும் என்பது சட்டம். பிப்ரவரி நடுவில் ஒரு கூட்டம். கூட்டம் முடிந்த சாயங்காலம் துளை. தாத்தாவுக்கும் மரியாதை, நோட்டீஸுக்கும் மரியாதை. தான் மூன்று வாரம் முன்னே போகக் கூச்சப்பட்டு, ஊரையே மூன்று வாரம் முன்னே நகர்த்தக் கிளம்பினார் மனிதர்.

கூட்டத்துக்கு ஒரு பொருள் வேண்டுமே. யாருக்கும் நோகாத பொருளாக ஒன்றைத் தேடினார். தன் வீட்டுக்கு முன்னால் சாலை வளைகிறது. அங்கே வெளிச்சம் பட்டால் மின்னும் தகடு வைத்த கம்பம் ஒன்று நடலாமா என்று எழுதினார். எழுதிக்கொண்டு வந்து கடை வாசலில் நின்றார். பால் வாங்க வந்தவர்கள் அவரைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

லூக்தான் முதல் கையெழுத்து.

"எதுக்கு மாப்ள திடீர்னு கம்பம்? அந்த வளைவுல உங்க தாத்தா குதிரை வண்டியில போன காலத்துல இருந்து எவனும் விழுந்ததில்லையே."

"பாதுகாப்பு மச்சான். ஊர் நன்மைக்கு."

"பெரிய கூட்டம் மார்ச்சுல வருதே. அதுல வெச்சுக்கிட்டா ஆகாதா?"

"அதுவரைக்கும் தாங்காது."

"எது தாங்காது, வளைவா, வாளியா?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே லூக் பேனாவை வாங்கினான். "குடு. உன்னை பிப்ரவரியில துளை போட வைக்க நான் ரெண்டு கையாலயும் கையெழுத்துப் போடுவேன்."

ஊருக்கே காரணம் தெரியும். யாரும் கேட்கவில்லை. ஆர்ன்பரியில் அது ஒரு பழக்கம். தெரிந்ததைச் சொல்ல மாட்டோம், கேட்டால்தான் சொல்வோம். கேட்காமல் சொல்வது வாயாடித்தனம், சொல்ல வைப்பதற்காகக் கேட்பது அதைவிட மோசம். இப்படியே நூறு வருடம் சண்டையில்லாமல் ஓட்டியிருக்கிறோம். அதனால் எல்லாரும் வளைவைப் பற்றிக் கவலைப்படுவதுபோல முகத்தை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள்.

கூட்டத்தன்று வானிலை ராய்ஸுக்கே சொல்லிவைத்தது போல இருந்தது. ராத்திரி நல்ல உறைபனி, காலையில் வெயில். மண்டபத்துக் கூரை ஓரமெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. துளைக்கருவி, தகர மூக்குகள், ஓடீல் கழுவி அடுக்கிய வாளிகள் எல்லாம் வெளியே வண்டியில் தயாராக இருந்தன. ஓடீல் மண்டபத்துச் சமையலறையில் இரண்டு பெண்களோடு டோனட் பொரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் சாப்பாடு இல்லாமல் ஜனநாயகம் நடக்காது.

யூனிஸ் சுத்தியலால் மேசையைத் தட்டி, கம்பத் தீர்மானத்தை வாசித்தார். ராய்ஸ் முன்மொழிந்தார், லூக் வழிமொழிந்தான். "பேசறவங்க யாராவது உண்டா?" என்று யூனிஸ் கேட்டார். அந்தக் குரலிலேயே "வேண்டாம், உட்காருங்க" என்பது இருந்தது.

பிரென்டிஸ் எழுந்தார். தெற்கே கனெக்டிகட் மாநிலத்திலிருந்து வந்து குடியேறியவர். வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் புதிதாக வந்தவர் என்றுதான் பெயர். நல்ல மனிதர், ஆனால் எங்கள் பழக்கம் பிடிபடவில்லை. மனதில் ஒரு கேள்வி எழுந்தால் கேட்டுவிடுவார்.

"எனக்கு ஒண்ணு தோணுது. கம்பம் எதுக்குத் தனியா? அங்கதான் பெரிய பெரிய மேப்பிள் மரமா நிக்குதே. ஒரு மரத்துல ஆணி அடிச்சுத் தகட்டை மாட்டிட்டா வேலை முடிஞ்சுதே."

ராய்ஸ் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆணியோ கம்பமோ, கூட்டம் முடிந்தால் போதும் என்று இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

"என் மரத்துல எவனும் ஆணி அடிக்க விட மாட்டேன்" என்றார். வருடாவருடம் அதே மரத்தில் துளை போடுகிற மனிதர் சொன்னதால் பின்வரிசையில் சிரித்தார்கள்.

"மன்னிக்கணும்" என்றார் பிரென்டிஸ். "அது உங்க மரமா? கல்சுவருக்கு இந்தப் பக்கம், சாலைப் பக்கம்ல நிக்குது. நான் ஊரோடதுன்னு நினைச்சேன்."

சிரிப்பு நின்றது. சமையலறையில் எண்ணெய் பொரிவது தெளிவாகக் கேட்டது. யூனிஸ் கூரையைப் பார்த்தார். லூக் தன் கையைப் பார்த்தான். ஊர்ச்சாலைக்குப் பொறுப்பான வெர்லின் ஸ்டாடர்ட் தன் பூட்ஸைப் பார்த்தார். கடையில் கேட்ட கேள்வி என்றால் "இன்னிக்குக் குளிர் பரவாயில்ல" என்று திரும்பிக்கொள்ளலாம். இது கூட்டம். கேட்டதைக் குறிப்பு எழுதுகிறவர் எழுதிவிட்டார், பதிலுக்குப் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"வெர்லின்" என்றார் யூனிஸ், வேறு வழியில்லாமல். "உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"யாரோட மரம்?"

வெர்லின் எழுந்து நின்று பெருமூச்சு விட்டார். "கேட்டுட்டீங்க. ஊரோடது. சுவர்ல இருந்து எதிர்ச் சுவர் வரைக்கும் சாலைதான். மரமெல்லாம் அதுக்குள்ள வருது."

"எங்க தாத்தா நட்டதுய்யா அது" என்றார் ராய்ஸ்.

"நட்டாரு. யாரு இல்லைன்னா? ஊர்ல நடச் சொன்னாங்க, நட்டாரு. எங்க வீட்டு முன்னால எங்க தாத்தாவும்தான் நட்டாரு."

"உனக்கு எத்தனை நாளாத் தெரியும்?"

"எங்கப்பாவுக்கே தெரியும்."

"அப்புறம் ஏன்யா சொல்லல?"

"நீ கேக்கலையே, ராய்ஸ்" என்றார் வெர்லின். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதையாகிவிட்டது. ஊரைக் கூட்டி, மேடை போட்டு, தன் மரத்தைத் தானே ஊருக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. ராய்ஸுக்குக் காது மடல் இரண்டும் சிவந்தன. தாத்தாவின் மரங்கள் என்று பிறந்ததிலிருந்து பார்த்தவை, ஒரு நிமிடத்தில் ஊரான் மரங்கள் ஆகிவிட்டன. அந்த வலியில் நடிப்பு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

லூக்தான் எழுந்தான். "தலைவர் அவர்களே, ஒரு திருத்தம். கம்பம் நடலாம். அதோட, அங்க இருக்கற ஊர் மரங்கள்ல எப்பவும் போல ராய்ஸ் ஃபார்னமே துளை போட்டுக்கலாம்னும் சேர்த்துக்கலாம்."

கம்பத்துக்கும் துளைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் திருத்தம் என்ற பெயரில் எதையும் நுழைத்துவிடலாம். மண்டபம் முழுக்க நிம்மதியாகத் தலையை ஆட்டியது. அந்த நிமிடமே கை தூக்கச் சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். பள்ளிக்கூடத்து முன்னால் நிற்கும் மேப்பிளில் தானும் துளை போடலாமா என்று ஓர் அம்மாள் கேட்டார். துளை போட்ட மரம் காரின் மேல் விழுந்தால் ஊர் பொறுப்பா, ராய்ஸ் பொறுப்பா என்று இன்னொருவர் கேட்டார். அதையெல்லாம்கூட யூனிஸ் சமாளித்துவிட்டார். ராய்ஸைத்தான் சமாளிக்க முடியவில்லை.

அவர் எழுந்து நின்றார். "என் தாத்தா நட்ட மரத்துக்கு நான் யார்கிட்டயும் பிச்சை கேக்க மாட்டேன்."

"மாப்ள, உக்காரு" என்றான் லூக் மெல்ல. "ஜெயிக்கப் போறோம்."

"அவசரக்குடுக்கைங்க தயவு எனக்கு வேண்டாம். ஊர்க்கூட்டம் வரைக்கும் பொறுக்காம பிப்ரவரியில மரத்தைக் குடையறவங்க எனக்குப் பரிஞ்சு பேச வேண்டாம்."

பிப்ரவரியில் துளை போடுவதற்காகவே பிப்ரவரியில் கூட்டத்தைக் கூட்டிய மனிதர் இதைச் சொன்னார். மண்டபம் அதிர்ந்து சிரித்தது. லூக் சிரிக்கவில்லை. உட்கார்ந்துவிட்டான். அவன் பின்னால் இருந்த திபோ வீட்டாரும், நீலக் குழாய் போட்டுப் பிப்ரவரியில் சாறு எடுக்கும் மற்றவர்களும் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

யூனிஸ் வாய்மொழியாகக் கேட்டார். "சரி"யும் "இல்லை"யும் ஒரே சத்தத்தில் வந்தன. எழுந்து பிரிந்து நிற்கச் சொன்னார். சரி என்பவர்கள் ஜன்னல் ஓரம், இல்லை என்பவர்கள் மண்டபத்துக் கணப்பு அடுப்பு ஓரம். எண்ணிப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் சமம். லூக் ஜன்னல் ஓரத்தில்தான் நின்றான். பிச்சை கேட்க மாட்டேன் என்ற ராய்ஸும் அங்கேதான் போய் நின்றார். பிரென்டிஸ், தன் கேள்வியால் வந்த வினை என்று புரிந்து, கூச்சத்தோடு அடுப்பு ஓரத்தில் நின்றார்.

"சமமா வந்தா என் ஓட்டுதான் முடிவு" என்றார் யூனிஸ். "நான் போட்டா, விருந்துத் தலைவி காரியத்தோட போட்டுட்டான்னு வருஷம் பூராப் பேசுவீங்க. உள்ள இருக்கறவங்க யாராவது ஓட்டுப் போடாம இருக்காங்களா?"

ஓடீல் ஒருத்திதான் பாக்கி. மற்ற இரண்டு பெண்களும் பிரிந்து நிற்கும்போதே வந்து, ஆளுக்கொரு பக்கம் நின்றுவிட்டார்கள். எண்ணெய்ச் சட்டியைத் தனியே விட்டு வர முடியாமல் ஓடீல் நின்றிருந்தாள். இப்போது அடுப்பை அணைத்துவிட்டு, கையெல்லாம் மாவோடு வெளியே வந்தாள். ராய்ஸ் வண்டிச் சாவி சட்டைப் பையில்தான் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார். தன் பக்கத்தில் அவள் நிற்பதற்கு இடம் விட்டு ஒரு எட்டு நகர்ந்தும் நின்றார்.

யூனிஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். ஓடீல் கேட்டுக்கொண்டாள்.

"சரின்னு சொன்னா?"

"ராய்ஸ் துளை போட்டுக்கலாம்."

"எப்ப?"

"இன்னிக்குச் சாயங்காலமே" என்றார் ராய்ஸ்.

"எது வரைக்கும்?"

"இதென்ன கேள்வி? மொட்டு விடற வரைக்கும். மார்ச் கடைசி வரைக்கும்."

"அப்ப இத்தனை நாள் மார்ச் மட்டும்தான். இனிமே பிப்ரவரியுமா?" என்றாள் ஓடீல், யாரிடமும் இல்லாமல். பிறகு யூனிஸைப் பார்த்துக் கேட்டாள். "இல்லைன்னு சொன்னா?"

"ஒண்ணும் ஆகாது. மரம் சும்மா நிக்கும்."

ஓடீல் கையைத் துண்டில் நிதானமாகத் துடைத்துக்கொண்டாள். ராய்ஸ் விட்டிருந்த இடத்தை ஒரு முறை பார்த்தாள். பிறகு அடுப்பு ஓரமாக நடந்துபோய் பிரென்டிஸுக்குப் பக்கத்தில் நின்றாள். பிரென்டிஸ் மரியாதையாக நகர்ந்து இடம் கொடுத்தார்.

யூனிஸ் சுத்தியலைத் தட்டினார். திருத்தம் தோற்றது. கம்பம் நடும் தீர்மானம் மட்டும் ஒருமனதாக நிறைவேறியது. அதன் பிறகு எல்லாரும் டோனட் தின்றார்கள். ராய்ஸிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

வண்டியில் திரும்பும்போது பின்னால் காலி வாளிகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே வந்தன. பாலம் தாண்டியதும் ராய்ஸ் ஆரம்பித்தார்.

"ஊர் பாக்க என்னைக் கவுத்துட்ட."

"கேட்டாங்க, சொன்னேன்."

"நோட்டீஸ்ல இனிமே திபோன்னு போடுவாங்க."

"போடட்டும். நானும் திபோ வீட்டுப் பொண்ணுதான்."

"எங்க தாத்தா பேரு போச்சு, ஓடீல். அது உனக்கு ஒண்ணுமில்லையா?" ஓடீல் அவர் முழங்கையில் கையை வைத்தாள். ஆனால் பேச்சை மாற்றவில்லை.

"கஷ்டமாத்தான் இருக்கு. உனக்கு வலிக்குதுன்னு தெரியும். ஆனா என் முட்டியும் வலிக்குது. நான் மார்ச் ஒண்ணாந்தேதி போர்ட்லண்ட் போறேன். கோலெட் தேறி எழுந்திரிக்கற வரைக்கும் அங்கதான் இருப்பேன். நீயும் வர்றதுன்னா வா."

ராய்ஸ் சாலையைப் பார்த்தபடி ஓட்டினார். வெயிலில் சாலையோரப் பனி கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு சாற்று நாளைத் தன் வாழ்நாளில் அவர் கை கட்டிக்கொண்டு பார்த்ததில்லை.

"நான் வரலன்னா?" என்றார். "மார்ச் மாசம் பூரா நான் தனியா என்ன பண்றது?"

ஓடீல் அவர் பக்கம் திரும்பினாள். கேலி இல்லை, கோபமும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள்.

"இத்தனை வருஷம் மார்ச்சுல நீ என்ன பண்ணிட்டிருந்த, ராய்ஸ்?"

ராய்ஸ் வாயைத் திறந்தார். துளை போட்டேன் என்று சொல்ல வந்தார். அது ஒரு சாயங்கால வேலை என்பது அவருக்கே நினைவு வந்தது. மிச்ச நாட்களில் என்ன செய்தேன் என்று ஒன்று ஒன்றாகத் தேடிப் பார்த்தார். வளைவு வந்தது. வண்டியை வாசலில் நிறுத்தி இன்ஜினை அணைத்தார். ஓடீல் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, கதவைத் திறந்து இறங்கி உள்ளே போனாள். அவர் வண்டியிலேயே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தார்.